ஐந்து ஸ்பீக்கர், ஒரே குரல்: வீட்டு சரவுண்ட் இசைக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

தீபாவளி போனஸ் கையில் வந்தாச்சு. ஜாசின் பக்கம் ஒரு தாமானில் வீடு. ஹாலில் பெரிய டிவி ஏற்கெனவே இருக்கு. "இனி நல்ல சவுண்ட் சிஸ்டம் ஒண்ணு வேணும்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

முன்பக்கத்துக்குப் புதிதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர். நடுவில் வைக்க, நண்பர் குறைந்த விலைக்குக் கொடுத்த வேறொரு நிறுவனத்தின் ஸ்பீக்கர். பின்னால் வைக்க, மாமா வீட்டில் சும்மா கிடந்த மினி காம்போவின் இரண்டு பெட்டிகள். எல்லாமே வேலை செய்கின்றன. ஆனால் படம் ஓடத் தொடங்கியதும் ஏதோ இடிக்கிறது. பாட்டு இனிமையாக வருகிறது, வசனம் மட்டும் மூக்கடைத்தவர் பேசுவது போல் இருக்கிறது. திரையில் ஒரு பைக் இடமிருந்து வலமாகப் பறந்தால், நடுவில் வரும்போது அது வேறு பைக் மாதிரி உறுமுகிறது.

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார். பேச்சு அப்போதும் சரியாகப் புரியவில்லை. அடுத்து வரும் சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார்.

தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து ஸ்பீக்கருமே நல்லவைதான். அப்படியென்றால் தவறு எங்கே? அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். இந்தப் பொருத்தத்தை எப்படிப் பார்ப்பது, எங்கே பணம் போட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கலாம் வாங்க.

தோட்டத்து ஹார்னில் இல்லாத சிக்கல்

ஜாசின் வட்டாரத்தின் டைமண்ட் ஜூபிலி, புக்கிட் அசஹான், மெர்லிமாவ் போன்ற தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க. கோயில் திருவிழா என்றால் மரத்திலோ கம்பத்திலோ கட்டிய ஹார்ன் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும். விடியற்காலையில் போடும் பக்திப் பாட்டு, ரப்பர் மரங்களைத் தாண்டி அடுத்த லயம் வரை கேட்கும்.

ஹார்ன் மிகக் குறைந்த மின்சாரத்தில் மிக அதிக சத்தம் கொடுக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி மட்டுமே அதில் நன்றாக வரும். தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் ஆழ்ந்த ஒலி அதில் ஏறாது. ஆனால் அங்கே பொருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எத்தனை ஹார்ன் கட்டினாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான் வரும்.

பிறகு ஸ்டீரியோ வந்தது. 1978-இல் வெளியான 'ப்ரியா' படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். தமிழ்த் திரையிசையில் அது ஒரு முன்னோடி முயற்சி. படத்தின் பெரும்பகுதி நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது என்பதும் பலருக்கு நினைவிருக்கும். இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று என இரண்டு தடங்கள் இருந்தால், கருவிகள் மேடையில் பரவி உட்கார்ந்திருப்பது போன்ற தோற்றம் கிடைக்கும்.

அடுத்து திரையரங்குகளில் டால்பி, டிடிஎஸ் என்று சரவுண்ட் ஒலி வந்தது. இன்று நம் ஹாலுக்குள் வந்திருக்கும் 5.1 என்பதில், முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பின்பக்கம் இரண்டு, ஆழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர். இந்த ஆறு பெட்டிகளும் சேர்ந்து ஒரே ஓர் இடத்தை உருவாக்க வேண்டும். பொருத்தம் முக்கியமாவது இங்கேதான்.

முதல் பொருத்தம்: குரல்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பாங்க. ஸ்பீக்கருக்கு நான்கு போதும். அதில் முதலாவதும் மிக முக்கியமானதும் குரல் பொருத்தம்.

ஒரே ஸ்வரத்தை வீணையிலும் புல்லாங்குழலிலும் வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவோம். ஸ்வரம் ஒன்றுதான், அதன் நிறம் வேறு. ஸ்பீக்கர்களுக்கும் இப்படி ஒரு நிறம் உண்டு. பட்டுத் துணியில் செய்த ட்வீட்டர் கொஞ்சம் மென்மையாகவும், உலோக ட்வீட்டர் சற்றுப் பளிச்சென்றும் ஒலிக்கக்கூடும். வூஃபரின் அளவு, கூம்பு செய்யப்பட்ட பொருள், ஒலியை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் உள் சுற்று, பெட்டியின் மரம் எல்லாமே இந்த நிறத்தை மாற்றும்.

செங் சன்னாசிமலை மாசி மகத்துக்குப் போயிருந்தால், இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே அளவில், ஒரே சுருதியில் இருந்தால்தான் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுக்கும்போது ஒட்டுத் தெரியாது. முன்னால் வைக்கும் மூன்று ஸ்பீக்கர்களும் அப்படித்தான். ஒலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது நிறம் மாறினால், காது உடனே அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு எளிய வழி: முன் மூன்றும் ஒரே நிறுவனம், ஒரே வரிசையாக இருக்கட்டும். 'ஒரே நிறுவனம்' என்பது மட்டும் போதாது. ஒரு நிறுவனமே மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று பல வரிசைகள் விற்கும். அவற்றின் ட்வீட்டர்கள் வெவ்வேறாக இருக்கலாம். ஒரே வரிசை என்றால் பொதுவாக ட்வீட்டர் ஒன்றாகவும், வூஃபரின் பொருள் ஒன்றாகவும் இருக்கும்.

பின்பக்க இரண்டும் பொருந்தினால் நல்லது. ஆனால் அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மழை, கூட்டத்தின் ஆரவாரம், அரங்கின் எதிரொலி போன்றவைதான் பெரும்பாலும் அங்கிருந்து வரும். அதே வரிசையின் சின்ன ஸ்பீக்கர்களே போதும்.

சப்வூஃபர் எந்த நிறுவனமாகவும் இருக்கலாம். ஏன் தெரியுமா? 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 4.3 மீட்டர், அதாவது 14 அடி. இவ்வளவு நீளமான அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதால் பிரித்தறிவது கடினம். குரலின் நிறமும் அந்தப் பகுதியில் இல்லை. அதனால் சப்வூஃபருக்குப் பெயர்ப் பொருத்தம் பார்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

நடு ஸ்பீக்கர்: வசனத்தின் வீடு

படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதுதான் உயிர்நாடி. வயதாக ஆக, மெல்லிய உயர் ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும். 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அப்பா சத்தத்தைக் கூட்டுவது ஆசையால் அல்ல, பேச்சு பிடிபடாததால்தான்.

டிவிக்குக் கீழே படுக்கை வாட்டில் வைக்கும் நடு ஸ்பீக்கர்கள் பலவற்றில், இரு ஓரத்திலும் வூஃபர்கள், நடுவில் ஒரு ட்வீட்டர் இருக்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் சிக்கல் இல்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால், இரண்டு வூஃபர்களின் ஒலியும் சிறு கால வித்தியாசத்தில் வந்து சேரும். சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அதனால் குரல் மெலிந்து கேட்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நடுவில் ட்வீட்டரும் நடுத்தர ஒலிக்கான சிறு ஸ்பீக்கரும் மேலும் கீழுமாக இருக்கும் வகையைத் தேடலாம். இரண்டு, இடம் இருந்தால் இட வலத்தில் இருக்கும் அதே ஸ்பீக்கரை நடுவிலும் நிமிர்த்தி வைக்கலாம். மூன்று, பொருத்தமானது கிடைக்கவே இல்லையென்றால், நடு ஸ்பீக்கரே வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

ஆச்சரியமாக இருக்கா? ரிசீவரின் மெனுவில் 'சென்டர் இல்லை' என்று தேர்ந்தெடுத்தால், வசனம் இட, வல ஸ்பீக்கர்களுக்குச் சமமாகப் பிரிந்து போகும். நடுவில் உட்கார்ந்தவருக்கு, திரையின் நடுவிலிருந்தே குரல் வருவது போலக் கேட்கும். பொருந்தாத நடு ஸ்பீக்கரைவிட இது பல மடங்கு மேல்.

இரண்டாம் பொருத்தம்: சத்தத் திறன்

ஸ்பீக்கர் அட்டையில் '87 டெசிபல்' என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒன்று 90 டெசிபல், இன்னொன்று 84 டெசிபல் என்றால், இரண்டாவதுக்கு அதே சத்தம் வர நான்கு மடங்கு மின்சாரம் வேண்டும்.

இந்த வித்தியாசத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி ரிசீவரில் உண்டு. சத்தத்தில் உள்ள பொருத்தமின்மையை ரிமோட்டிலேயே சரிசெய்யலாம். குரல் நிறத்தில் உள்ளதை அப்படி முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் முதல் பொருத்தம் முதலில் வருகிறது.

'ஆயிரம் வாட்' என்ற ஸ்டிக்கருக்கும் மயங்க வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால், அது கண நேரம் மட்டும் எட்டும் உச்சத்தைக் காட்டும் விளம்பர எண். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பாருங்க. 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒரே ஒரு வாட்டில் ஏறக்குறைய 77 டெசிபல் கொடுக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். தாமான் வீட்டு ஹாலுக்கு ஆயிரம் வாட் எதற்கு?

மூன்றாம் பொருத்தம்: ஓம்

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6 அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஓம் குறையக் குறைய, ஆம்ப்ளிஃபயரிலிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கப்படும். உங்கள் ரிசீவர் குறைந்தது எத்தனை ஓம் தாங்கும் என்பது அதன் பின்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் கருவி சூடாகி, நின்றுவிடும். மோசமான நிலையில் கருகியும் போகலாம்.

நம் பக்கத்தில் நடக்கும் மூன்று தவறுகளை இங்கே சொல்ல வேண்டும்.

கார் ஸ்பீக்கர்: கார்களுக்கான ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். அவற்றைப் பெட்டியில் அடித்து வீட்டு ரிசீவரில் மாட்டும்போது, அது 4 ஓம் தாங்குமா என்று முதலில் பாருங்க.

இரண்டை ஒன்றாக மாட்டுவது: ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். பெரும்பாலான வீட்டு ரிசீவர்கள் அதைத் தாங்காது.

கோயில், மண்டப ஸ்பீக்கர்: பொது ஒலிபெருக்கிகள் பல '100 வோல்ட் லைன்' முறையில் இயங்குபவை. நீண்ட வயரில் ஒலியை அனுப்ப அவற்றுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அப்படிப்பட்ட பழைய ஹார்னையோ நெட்டைப் பெட்டியையோ வீட்டு ரிசீவரில் நேராக மாட்டக் கூடாது.

நான்காம் பொருத்தம்: உங்கள் ஹால்

தோட்டத்துப் பலகை வீட்டில் ஒலி வெளியே கசிந்துவிடும், சுவர் அதிரும், ஆனால் எதிரொலி குறைவு. தாமான் வீட்டில் நிலைமை தலைகீழ். தரையில் டைல்ஸ், நான்கு பக்கமும் பூசிய சுவர், முன்னால் கண்ணாடிக் கதவு. ஒலி எங்கு பட்டாலும் திரும்பி வரும்.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்க. 'டிங்' என்று ஒரு வால் நீண்டால், புது ஸ்பீக்கருக்கு முன் ஒரு கம்பளமும் தடித்த திரைச்சீலையும் வாங்குங்க. வசனம் தெளிவாவதற்கு இவை செய்யும் உதவி பெரிது.

ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதற்கு, அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. ஒரு பரிந்துரையே வைத்திருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால், இட, வல ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகி இருக்க வேண்டும். எளிதாகச் சொன்னால் சமபக்க முக்கோணம். நீங்கள் 8 அடி தள்ளி உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 8 அடி. பின்பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகையில், அதாவது காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றே பின்னால் இருக்க வேண்டும்.

நம் வீடுகள் பலவற்றில் சோபா பின்சுவரை ஒட்டியே இருக்கும். அப்போது பின்பக்க ஸ்பீக்கர்களைத் தலைக்குப் பின்னால் ஆணி அடித்துத் தொங்கவிடாமல், இரு பக்கச் சுவர்களிலும் காது உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். முடிந்தால் சோபாவை ஓர் அடியாவது முன்னால் இழுங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் ஆழ்ந்த ஒலி மட்டும் குவிந்து 'பூம் பூம்' என்று கேட்கும்.

எல்லா ஸ்பீக்கரும் ஒரே தூரத்தில் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிவினாடி எடுக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து ரிசீவரில் பதிந்தால், எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வருமாறு அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். சிறு மைக் கூடவே வரும் ரிசீவர்கள் இந்த அளவையும் தாமே எடுத்துவிடும்.

பாட்டுதான் முக்கியம் என்றால்?

நீங்கள் படத்தைவிடப் பாட்டு அதிகம் கேட்பவரா? அப்படியானால் ஒன்றை மறக்க வேண்டாம். நாம் கேட்கும் தமிழ்ப் பாடல்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோ, அதாவது இரண்டே தடங்கள். 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மோஸ் பாடல்கள் கிடைக்கின்றன. ஆனாலும் பழைய பாடல்களும் வானொலியில் ஒலிப்பவையும் இரண்டு தடங்களில் அடங்குபவைதான்.

அதனால் ஐந்து சுமாரான ஸ்பீக்கர்களைவிட, இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் உங்களுக்கு அதிக இன்பம் தரும். பட்ஜெட் குறைவு என்றால் படிப்படியாகப் போகலாம். முதலில் நல்ல ஒரு ஜோடி. பிறகு சப்வூஃபர். அதன் பின் அதே வரிசையின் நடு ஸ்பீக்கர். கடைசியில் பின்பக்க ஜோடி.

இதில் ஒரு எச்சரிக்கை. நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரிசையையே மாற்றிவிடும். இரண்டு வருடம் கழித்து நடு ஸ்பீக்கரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால், முன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது. சப்வூஃபரும் பின்பக்கமும் காத்திருக்கும்.

இடமே இல்லை, வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் சவுண்ட்பாரைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பின்பக்க ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்தே வரும் தொகுப்புகளில், பொருத்தம் பார்க்கும் வேலையை நிறுவனமே முடித்துவிட்டது.

பழைய சாமான் வாங்கும்போது

இரண்டாம் கை ஸ்பீக்கர்கள் நல்ல பேரமாக அமையலாம். ஆனால் நம் ஊர் வெப்பமும் ஈரமும் ஒரு வேலை செய்யும். வூஃபரைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமால் ஆனது என்றால், காலப்போக்கில் பொடிந்து உதிரும். விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்க. ரப்பர் வளையம் அதிக காலம் தாங்கும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால், பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230 முதல் 240 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கில் சொருகினால், அன்றே அதன் கதை முடிந்துவிடும்.

இன்னொன்று, நம் நாட்டில் இடியும் மின்னலும் அதிகம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ரிசீவரின் பிளக்கைக் கழற்றுங்கள். கூரை ஏரியலிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுவது நல்லது.

கடையிலும் வீட்டிலும் செய்ய வேண்டிய சோதனை

கடைக்குப் போகும்போது, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துப் போங்க. அதோடு ஒரு செய்தி வாசிப்பும் வேண்டும். மின்னல் பண்பலையின் செய்தியே போதும். அந்தக் குரலை முதலில் இட ஸ்பீக்கரில் மட்டும், பிறகு நடு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்க. செய்தி வாசிப்பவர் இடம் மாறியது போல் இருந்தால் பொருத்தம் சரி. ஆளே மாறியது போல் இருந்தால் வேறு பாருங்க.

வீட்டில் மாட்டியதும் ரிசீவரின் 'டெஸ்ட் டோன்' என்பதைப் போடுங்க. 'ஷ்ஷ்ஷ்' என்ற மழை இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். சத்தம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி அளவைச் சரிசெய்யுங்க. பிறகு ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும், பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துத் தொடங்கலாம். அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும்.

வயரில் சிவப்பு சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா என்று பாருங்க. ஒரே ஒரு ஸ்பீக்கரில் இது மாறிவிட்டாலும் ஆழ்ந்த ஒலி காணாமல் போகும், பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. புது ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம்

வரிசை வீட்டில் உங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டின் சுவரும். பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர் அங்கே இருக்கலாம். உயர் ஒலியைச் சுவர் தடுத்துவிடும். சப்வூஃபரின் அலை அதற்குள் புகுந்து போகும். சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்க. அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்க. இரவில் 'நைட் மோட்' போட்டால், வெடிச் சத்தம் அடங்கி வசனம் மேலெழும்.

அப்பாவுக்குப் பேச்சு புரியவில்லையா? மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல், நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்க. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. சத்தம் கூடக் கூட அந்த நேரமும் வேகமாகக் குறையும்.

சுருக்கமாக, கடைக்குப் போகும் முன்:

- ஹாலின் அளவையும் சோபா இருக்கும் இடத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்க.
- முன் மூன்றும் ஒரே வரிசை. கிடைக்காவிட்டால் நடு ஸ்பீக்கர் இல்லாமலே தொடங்குங்க.
- பின்பக்கத்தில் சிறியது போதும். சப்வூஃபர் எந்த நிறுவனமும் சரி.
- ரிசீவர் தாங்கும் ஓம் எவ்வளவு என்று பாருங்க.
- பி.எம்.பி.ஓ. எண்ணை விட்டுவிடுங்க, ஆர்.எம்.எஸ். எண்ணைக் கேளுங்க.
- மின்கருவிகளில் சிரிம் சான்று ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்க.
- கம்பளத்துக்கும் திரைச்சீலைக்கும் வயருக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்க.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, முதல் பாட்டை அப்பாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. அவர் ரிமோட்டைத் தேடாமல் உட்கார்ந்து கேட்டால், பொருத்தம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.